பக்கத்து சீட்டுக்கு ஒன்பது கட்டி

ஜனவரி 9

தம்பி மூட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் அவ்வப்போது முனகுகிறது. நீ எப்படி இருக்கிறாய், டீச்சர் எப்படி இருக்கிறாள் என்று தனித்தனியாக எழுது. 'எல்லோரும் நலம்' என்று மொத்தமாகக் கட்டி அனுப்பாதே. போன் போட்டால் உன் பெண்டாட்டி டீச்சர்தான் எடுக்கிறாள். "அவரு குளிக்கறாரு அண்ணி" என்கிறாள். காலையிலும் குளியல், மத்தியானமும் குளியல். நீ என்ன எருமையா, நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்க?

விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய கார் தவளையை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டேன். ஆமாம், நிஜமாகத்தான். முன்சக்கரம் இரண்டும் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாகிவிட்டது.

லிஃப்ட் கம்பெனியில் கேக் வெட்டி, கை குலுக்கி, என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து, வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். அதற்கப்புறம் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. பல் தேய்க்க மத்தியானம் ஆகிவிடும். யாருக்காகத் தேய்ப்பது என்று இருந்தது. அப்போதுதான் போன வருஷம் நீ சொன்னது ஞாபகம் வந்தது. "முன்பக்கத்தைச் சரி பண்ணுக்கா, அணைக்கட்டு வரைக்கும் உன்கூட வரேன். இல்லாட்டி என் இடுப்புக்கு நீதான் பொறுப்பு." சின்ன வயதில் உன் முதல் சம்பளமும் என் சம்பளமும் போட்டு வாங்கிய வண்டி. ஒரே ஒரு தடவை அந்த ரோட்டில் கிளம்பி, முன்பக்கம் ஆடிய ஆட்டத்தில் பாதியிலேயே திரும்பினோம். இன்னும் அந்த அணையை நாம் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்த்தால் எல்லாமே போயிருக்கிறது. பழைய ஷாக் அப்சார்பரில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ்ஷைத் தொட்டால் உதிர்கிறது. ஆர்ம், ஸ்பிரிங், புஷ் எல்லாவற்றையும் மாற்றி, புது மாதிரி நீள ஷாக் அப்சார்பர் போடப் போகிறேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இந்த வண்டி ஓடினால்தான் நானும் நடமாடுவேன் என்று தோன்றுகிறது. நீ பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பன் தின்றுகொண்டே எனக்குத் தப்பான வழி சொல்ல வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

காகிதத்தில் கிரீஸ் பட்டுவிட்டது, மன்னித்துக்கொள்.

அக்கா

*

ஜனவரி 30

அக்காவுக்கு,

மூட்டை வணக்கம் சொல்கிறான். நீ கேட்டபடி தனித்தனியாகவே எழுதுகிறேன். டீச்சர் நலம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சுவரில் படம் வரைய, ஓவிய டீச்சர் என்று இவள் திட்டு வாங்குகிறாள். பூனை நலம். பேக்கரி நலம், அதன் அடுப்பும் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

போனில் நீ கத்துவாய், கடிதத்தில் கத்த முடியாது. அதனால் எனக்கு இதுதான் வசதி.

உன் கடிதம் வந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் வெளியே போய்விட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். எருமை என்ற இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் டீச்சர் பயந்துபோனாள். அன்றைக்கு நான் சிரிப்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பேக்கரி வேன்காரர் கெட்டிப் பிளாஸ்டிக் புஷ் போடச் சொல்கிறார். வண்டி வளைவில் அம்பாகப் போகுமாம். போனால் போகட்டும், நீ ரப்பரே போடு. மெத்தென்று இருக்கட்டும் அக்கா. குலுங்கினால் இப்போது எனக்குத் தாங்காது, வயசாகிறதில்லையா.

அப்புறம், சீக்கிரம் முடி. வெயில் ஏறுவதற்குள் முடிந்தால் நல்லது.

உன் மூட்டை

*

பிப்ரவரி 16

மூட்டைக்கு,

காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை, அதனால் நலம் என்றே வைத்துக்கொள். போன கடிதத்தில் பூனையைப் பற்றி எழுதினாய், அடுப்பைப் பற்றி எழுதினாய், உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்கட்டும். சீக்கிரம் முடி என்கிறாயே, நீ எதற்கு எப்போது அவசரப்பட்டிருக்கிறாய், சாப்பாட்டைத் தவிர?

சீக்கிரமும் இல்லை, முடிவதாகவும் இல்லை. கீழ் ஆர்மின் நீள போல்ட் அசையவே மாட்டேன் என்றது. எண்ணெய் ஊற்றினேன், சூடு காட்டினேன், சுத்தியலால் அடித்தேன். கடைசியில் பாதி போல்ட் என் கையிலும் பாதி உள்ளேயுமாக முறிந்தது. ஸ்பிரிங்கை அமுக்கி வெளியே எடுக்கும்போது கொஞ்சம் நழுவினால் தாடை பெயர்ந்துவிடும். லிஃப்ட் குழிக்குள் இத்தனை வருஷம் நின்றவள், அமுக்குகிற கருவியைத் திருகும்போது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

அதையும் எடுத்தேன். அப்புறம், ஆர்ம் மாட்டுகிற சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. முழுக்கத் துரு. இத்தனை நாளும் பெயின்ட்தான் இரும்புபோல நின்றிருக்கிறது. தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

போதும்டா. பழைய இரும்புக்காரரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வந்து பார்க்கிறார். நான் மறுபடி படுக்கைக்கே போகிறேன்.

டீச்சரைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

நலம் விசாரிப்பெல்லாம் அடுத்த கடிதத்தில். முதலில் அந்த இரும்புக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பு. வண்டியில் பாதி என்னுடையது. என் பாதியை நான் விற்க மாட்டேன்.

சட்டம் துருப்பிடித்தால் வெல்டரைக் கூப்பிட வேண்டியதுதானே? போல்ட் முறிந்தால் துளைபோட்டு எடுக்க வேண்டியதுதானே? ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே ஆள் மாட்டிக்கொண்டால் 'போதும்டா' என்று படுக்கைக்குப் போவாயா?

காலையில் கண் விழித்ததும் நினைத்துக்கொள்ள எனக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது அக்கா. இன்றைக்கு இவள் எந்த போல்ட்டோடு சண்டை போடுகிறாளோ என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன். அதைப் பிடுங்கிவிடாதே.

ரொம்ப உருகிவிட்டேன் போலிருக்கிறது. பசியாக இருக்கும். கையெழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

மூட்டை

*

மார்ச் 24

பாதி வண்டி முதலாளிக்கு,

நீ ஜெயித்தாய். நான் எழுந்து நடமாடுகிறேன், பல்கூடக் காலையிலேயே தேய்க்கிறேன். நீ எப்படி என்று நான் கேட்பதும், நீ பதில் சொல்லாமல் இருப்பதும் வழக்கமாகிவிட்டதால் இந்தத் தடவையும் கேட்டு வைக்கிறேன்.

வெல்டர் வந்து அழுகிய இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துவிட்டார். முறிந்த போல்ட்டும் வந்துவிட்டது. புது ஆர்ம், புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர் எல்லாம் மாட்டியாயிற்று. நீ கேட்ட ரப்பர் புஷ்தான். ஆனால் நட்டுகளைக் கையால் மட்டும் திருகி வைத்திருக்கிறேன், முறுக்கவில்லை.

ஏன் என்று கேள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். அப்புறம் வண்டியைத் தரையில் இறக்கினால் ஆயுசு முழுக்க முறுக்கிக்கொண்டே நின்று, கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். வண்டி தன் முழுப் பாரத்தோடு நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். முழுப் பாரம் என்றால் ஓட்டுகிறவள் பாரம், பக்கத்தில் உட்காருகிறவன் பாரம் எல்லாம் சேர்ந்து. நான் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது சீட்டிலும் உட்கார முடியாதே. அதனால் கம்பெனி ஸ்டோரில் கெஞ்சி, லிஃப்ட்டைச் சோதிக்கிற இரும்புக் கட்டிகளைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. எனக்கு ஒரு சாக்கு, உனக்கு ஒரு சாக்கு. என் சாக்கில் ஆறு கட்டி.

உன் எடை என்ன? வெட்கப்படாமல் உண்மையைச் சொல். லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் எடையைக் குறைத்துத்தான் சொல்வார்கள், பாரம் அதிகம் என்று மணி அடித்ததும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்ப்பார்கள்.

உடனே பதில் போடு. நீ சொல்லாமல் என்னால் ஒரு நட்டைக்கூட முறுக்க முடியாது.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. பேக்கரியில் வேலை அதிகம். டீச்சரும் பூனையும் நலம். நீ காலையிலேயே பல் தேய்ப்பது நாட்டுக்கே நல்ல செய்தி.

எடை தொண்ணூற்றிரண்டு. மாவு மூட்டை நிறுக்கிற தராசிலேயே ஏறி நின்று பார்த்தேன். பேக்கரியே வேடிக்கை பார்த்தது. "இந்த மூட்டையை எந்த லாரியில ஏத்தறது?" என்று ஒருத்தன் கேட்டான். ஒன்பது கட்டி வை, மிச்சத்துக்கு உன் ஸ்பேனர் பெட்டியை வை.

நீ இங்கே கிளம்பி வருவதாக டீச்சரிடம் போனில் சொன்னாயாம். இப்போது வராதே. வீடெல்லாம் பெயின்ட் அடிக்கிறோம், நாற்றம் தாங்கவில்லை. நானே வருகிறேன்.

நன்றாக முறுக்கு.

உன் தொண்ணூற்றிரண்டு கிலோ

*

ஏப்ரல் 26

தொண்ணூற்றிரண்டு கிலோவுக்கு,

எடையை ஒளிக்காமல் சொன்ன முதல் மனுஷன் நீதான். போன தடவை பார்த்ததைவிட இரண்டு கிலோ ஏறியிருக்கிறாய். கொஞ்சம் வாயைக் கட்டு.

சக்கரங்களைப் பலகை அடுக்கின்மேல் ஏற்றி நிறுத்தினேன். உன் சாக்கைச் சீட்டில் ஏற்றுவதற்குள் எனக்குப் பிராணன் போய்விட்டது. ஒவ்வொரு கட்டியாகத்தான் உள்ளே வைத்தேன். என் சாக்கும் உன் சாக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அப்படியே நாமாகவே இருந்தது. உன் பழைய தொப்பியை உன் சாக்குக்கு மாட்டினேன். வண்டியை அமுக்கி அமுக்கி ஆட்டி நிலைக்கு வரவிட்டு, அடியில் படுத்து எல்லா நட்டையும் முறுக்கினேன். எழுந்து வந்து பார்த்தால் இரண்டு பக்கமும் டயருக்கும் மட்கார்டுக்கும் ஒரே இடைவெளி. அந்த மட்டத்தில் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டேன். நீ வந்து உட்காரும்போது உன் பக்கம் அந்தக் கோடுவரை இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பட்டினி கிடக்கிறாய் என்று அர்த்தம்.

உன் சாக்கோடு தெருவைச் சுற்றி வந்தேன். வழி கேட்டேன், பதில் சொல்லவில்லை. உன்னைவிட அதுவே மேல்.

மே மாதம் இரண்டாவது வாரம் வா. அணைக்கட்டுக்குப் போகிறோம். டீச்சரையும் கூப்பிட்டிருப்பேன், தவளையில் இரண்டு சீட்டுதான்.

அக்கா

*

ஜூன் 3

தம்பிக்கு,

உடம்பு எப்படி என்று இனிமேல் கேட்கப்போவதில்லை.

மே முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி இல்லை. போன் போட்டால் "தூங்கறாரு அண்ணி." முன்னே குளியல், இப்போது தூக்கம். டீச்சர் குரல் வேறு ஒருமாதிரி இருக்கிறது. சண்டையா? என்மேல் ஏதாவது கோபமா? வர இஷ்டமில்லையென்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வண்டி வேண்டும், அக்காவோடு போக வேண்டும் என்றெல்லாம் என்னைக் கிளப்பிவிட்டு, நட்டை முறுக்கினதும் காணாமல் போய்விட்டாய்.

தவளை ஷெட்டில் நிற்கிறது. உன் சாக்கை இன்னும் இறக்கவில்லை. தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறேன்.

அக்கா

*

ஜூன் 15

அக்கா,

கோபம் இல்லை. சண்டையும் இல்லை. உன்மேல் எனக்கு என்ன கோபம் வரும்?

அந்தச் சாக்கிலிருந்து நாலு கட்டியை எடுத்துவிடு. ஸ்பேனர் பெட்டியையும் எடு. நட்டையெல்லாம் தளர்த்தி, மறுபடி நிலைக்கு வரவிட்டு, மறுபடி முறுக்கு.

தராசு கதை பொய். நான் பேக்கரிக்குப் போயே மாசக்கணக்காகிறது. தொண்டைக்குக் கீழே எதுவும் இறங்கவில்லை. குரலும் போய்விட்டது, அதனால்தான் போனில் அத்தனை குளியல். உன் முதல் கடிதம் வந்த அன்று நாங்கள் டாக்டரிடம் போய் எல்லாம் கேட்டுக்கொண்டு வந்து நின்றோம். கதவைத் திறந்தால் உன் கடிதம். எருமையா என்று கேட்டிருந்தாய். உன் ஒருத்திக்காவது நான் பழைய மூட்டையாகவே இருக்கலாமே என்று ஆசைப்பட்டேன். மென்று விழுங்கிக்கொண்டே ஐந்து மாசம் ஓட்டிவிட்டேன்.

வண்டி தப்பான எடையில் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தம்பி

*

ஜூன் 19

டேய்,

பாவி. படுபாவி. என்னை முட்டாளாக்கிவிட்டாயே. வாயைக் கட்டு என்று எழுதினேனே, பட்டினி கிடக்கிறாயா என்று கேட்டேனே, அதையெல்லாம் படித்துவிட்டு நீ அங்கே படுத்துக் கிடந்தாயா? நான் இங்கே ஒரு போல்ட்டுக்காக அழுதேன்டா.

நாலு கட்டியை எடுத்தேன். ஒவ்வொன்றாகத்தான் எடுத்தேன். நட்டையெல்லாம் தளர்த்தினதும் உன் பக்கம் மெதுவாக மேலே ஏறியது. அடியில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது. பழைய கோட்டைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் புதுக் கோடு போட்டேன். முறுக்கிவிட்டேன்.

நீ வர வேண்டாம். ஐந்து கட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நானே வண்டியில் வருகிறேன். இந்தக் கடிதம் முந்துகிறதோ நான் முந்துகிறேனோ தெரியாது. பெயின்ட் நாற்றம் கீற்றம் என்று ஏதாவது சொன்னால் அறைந்துவிடுவேன்.

இரு. நான் வரும்வரை இரு.

அக்கா

*

செப்டம்பர் 2

அண்ணிக்கு,

வணக்கம். முழங்கால் தேவலையா? நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டேன். பூனை உங்கள் தம்பியின் நாற்காலியில்தான் படுக்கிறது.

அவர் கண்ணை மூடிய மறுநாளே நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

நீங்கள் வந்த அன்று, அவரை வண்டியில் உட்கார வைப்பதற்காக அந்தச் சாக்கை இறக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தீர்கள். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. கம்பெனி இரும்பாயிற்றே, திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று நேற்று நகர்த்திப் பார்த்தேன். துளிகூட அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், நடக்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் அவரைத் தூக்கினேனே அண்ணி. கட்டிலிலிருந்து வண்டிவரைக்கும் நான் ஒருத்தியாகத்தானே தூக்கிக்கொண்டு வந்தேன். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

சாக்கை என்ன செய்யட்டும்?

அன்புடன்,
டீச்சர்

*

செப்டம்பர் 10

டீச்சருக்கு,

முழங்கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன். சாக்கைத் தொடாதே. கம்பெனிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கும் தெரியும். அன்று நீ அவனைச் சீட்டில் வைத்ததும் நான் வழக்கம்போல முன்னால் போய் நின்று கோட்டைப் பார்த்தேன். அவன் பக்கம் கோடுவரை இறங்கவே இல்லை. அந்த ஐந்து கட்டியும் பொய். உண்மையைச் சொல்கிறேன் என்று எழுதின கடிதத்திலும் கூட்டித்தான் சொல்லியிருக்கிறான். நான் பார்த்ததை அவன் பார்த்தான். கதவைச் சாத்திவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

தெருக்கோடிவரைக்கும்தான் என்று நீ சொல்லியிருந்தாய். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறதே, அதில் வேண்டுமென்றே இறக்கினேன். குலுங்கவே இல்லை. அவன் தலையை ஆட்டிச் சிரித்தான். பிறகு நேரே போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அணைக்கட்டுக்குப் போகிற பெரிய ரோடு இருக்கிற பக்கம். "நீ என்னைக்குடா சரியான வழி சொல்லியிருக்க?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன். போயிருக்கலாம். எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போயிருக்கலாம். தினமும் அந்த இடத்தில்தான் கண் விழிக்கிறேன்.

இங்கே வந்ததும் நட்டுகளையெல்லாம் தளர்த்திவிட்டேன். இன்னும் முறுக்கவில்லை. தளர்ந்த நட்டோடு வண்டியை எடுக்க முடியாது, அதனால் ஷெட்டில் நிற்கிறது. ஓட்டுகிற சீட்டில் எனக்கான சாக்கு உட்கார்ந்திருக்கிறது. மற்றொரு சீட்டில் எத்தனை கட்டி வைப்பதென்று தெரியவில்லை. தொண்ணூற்றிரண்டு வைக்க மனசு வரவில்லை. காலியாக விட்டு முறுக்கக் கை வரவில்லை.

அங்கே இருந்தபோது உன்னையும் பார்த்தேன். உன் வளையல் முழங்கைவரை போகிறது. நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்று கேட்டால் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பூனையைப் பற்றியும்தான் எழுதுவாய். அவனோடு இருந்தவள்தானே. அதனால் அதைக் கேட்கவில்லை.

உன் எடை என்னவென்று எழுது. தராசில் ஏறி நின்று பார்த்து, உள்ளதை எழுது.

அண்ணி